பெட்டிக்குள் தேய்ந்த காளைக்காசு

கைமாறக் கைமாறக் காசு புதுசாவதும், பூட்டி வைக்க வைக்கக் காசு தேய்வதும் எங்கள் கரூரில் தொடங்கியது ஒரு மாசி மாதத்தில். முதலில் கண்டது நாங்கள்தான் என்று பஸ் கண்டக்டர்களும், இல்லை நாங்கள்தான் என்று நாணயம் சேகரிப்போர் சங்கத்துக்காரர்களும் இன்றைக்கும் டீக்கடையில் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். கண்டக்டர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் கட்சி. அவர்களுக்கு வந்தது நல்ல சேதி, சங்கத்துக்காரர்களுக்கு வந்தது இழவுச் சேதி, இழவுச் சேதியை எவனும் கேட்ட உடனே நம்புவதில்லை.

குளித்தலை வண்டியின் கண்டக்டர் காலையில் பைக்குள் கை விட்டபோது விரலில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் வெறும் ஒரு ரூபாய்க் காசு, ஆனால் அதிலிருந்த சிங்கங்களின் பிடரி மயிர் இழை இழையாகத் தெரிந்தது, சிங்கம் அவரைப் பார்த்துக் கொட்டாவி விடப்போகிற மாதிரி இருந்தது. மாயனூரில் ஒருவருக்குச் சில்லறையாகக் கொடுத்து, அந்த ஆள் பொரிகடலைக்காரியிடம் கொடுத்து, அவள் லாலாப்பேட்டைக்கு டிக்கெட் எடுக்கக் கண்டக்டரிடமே திருப்பிக் கொடுத்தபோது அந்தச் சிங்கத்துக்கு மீசை முளைத்திருந்தது. கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு அடுத்த ஊர்ப் பெயரைச் சொன்னார், வேறென்ன செய்வார், வண்டி ஓட வேண்டுமே.

அதே வாரம் வீடுகளில் உண்டியலை உடைத்த பிள்ளைகளுக்கு உள்ளிருந்து கிடைத்ததெல்லாம் மழமழவென்று தகட்டு வில்லைகள். கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த வெள்ளிக் காசுகளில் முகம் போய்விட்டது, கோயில் உண்டியலில் கிடந்தவற்றில் எழுத்துப் போய்விட்டது. சாயப்பட்டறைத் தண்ணீர்தான் காரணம் என்றது ஒரு கூட்டம், அமராவதி ஆற்றின் கோபம் என்றது இன்னொரு கூட்டம். கோயமுத்தூரிலிருந்து ஒரு பேராசிரியர் கருவிகளோடு வந்து, ஆராய்ச்சிக்கென்று சில காசுகளைப் பையில் போட்டு வைத்திருந்தார், மூன்றாம் நாள் பையைத் திறந்தால் ஆராய்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. அவர் ஒரு நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார், நாங்களும் காரணம் தேடுவதை அதோடு விட்டுவிட்டோம்.

காரணம் தெரியாவிட்டால் என்ன, காரியம் நடந்தது. 'சில்லறை கொடுத்து உதவவும்' என்று எழுதியிருந்த அட்டைகள் கடைகளிலிருந்து மறைந்தன, சில்லறையில்லாமல் ஏறியவனை நடுரோட்டில் இறக்கிவிட்ட கண்டக்டர்களே மீதிக் காசோடு பின்னால் ஓடி வந்தார்கள், பிச்சைக்காரர்களின் தட்டில் காசு விழுந்த வேகத்தைப் பார்த்து அவர்களே மிரண்டுபோய் அதே வேகத்தில் வடை வாங்கித் தின்றார்கள். பரணிலும் அடுக்குப்பானையிலும் செத்துக் கிடந்த ஓட்டைக்காலணா, அரையணா, நாலணா எல்லாம் வெளியே வந்தன, செல்லுமா செல்லாதா என்று யாரும் கேட்கவில்லை, எந்த ராஜ்யத்துக் காசானாலும் ஒரு ரூபாய் என்று பூக்காரர்கள் சங்கம் முடிவு செய்தது, மற்றவர்களும் சரி என்றுவிட்டார்கள். பாட்டன் காலத்துக் காசு ஒன்று காலையில் மங்கலாகக் கிளம்பி, சாயங்காலத்துக்குள் பத்துக் கை மாறிப் பளபளவென்று வீடு திரும்புவதைப் பார்க்க ஊரே பழகிக்கொண்டது. காசில் கஞ்சத்தனம் பிடித்தவர்கள்தான் பாவம், ஆனால் அவர்களுக்காக அழ எங்களுக்கு நேரமில்லை.

அழுதது சங்கத்துக்காரர்கள். ஜவுளிக் குடோன் ஒன்றின் மாடியில் மாதாமாதம் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற அந்தச் சங்கத்தில் வேலையே காசுக்குத் தரம் போடுவதுதான். எந்தக் கையும் படாமல் அச்சடித்தபடியே இருக்கிற காசு யு.என்.சி., அதுதான் உச்சி. அதற்குக் கீழே எக்ஸ்ட்ரா ஃபைன், வெரி ஃபைன், ஃபைன் என்று படிப்படியாக இறங்கி, 'குட்' என்று ஒரு படி வரும். பேரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள், அந்தப் படிக்கு வந்த காசில் ராஜாவா குதிரையா என்று உற்றுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தரம் சொல்கிறவர் காசை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும், விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும், கன்னத்து மேடு, காதுக்கு மேல் முடி, காளை என்றால் திமில், இப்படி எழும்பி நிற்கிற இடங்களில்தான் தேய்மானம் முதலில் உட்காரும் என்பதால் அங்கே லென்ஸ் வைக்க வேண்டும். கழுவித் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்குத் தரமே கிடையாது. பழங்காசின் மேல் பல நூறு வருஷமாகப் படிந்த பச்சைதான் அதற்குத் தோல், தோலை உரித்தபின் என்ன அழகு பார்ப்பது என்பது அவர்கள் சட்டம்.

இந்தச் சட்டத்துக்கெல்லாம் நீதிபதி சென்னியப்பன். பஸ் நிலையத்துக்கு எதிரே மின்சாமான் கடை வைத்திருந்தார், பல்ப் விற்ற நேரம் போக மீதி நேரம் அந்தப் பல்புக்குக் கீழே காசு பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சொன்ன தரத்துக்கு மறுபேச்சு கிடையாது. அவரிடம் ஒரு காசு இருந்தது, ஆற்று மணலில் கிடைத்த செப்புக் காசு, ஒரு பக்கம் திமில் பெருத்த காளை, மறு பக்கம் ஒரு முகம். எந்த ராஜாவின் முகம் என்று யாருக்கும் தெரியாது, அது மாதிரி வேறொன்று உலகத்தில் கிடையாது. சங்கத்தில் அதற்குக் காளைக்காசு என்று பெயர், அது இருக்கிற வரைக்கும் தன்னை ஒரு ஆளாக ஊர் மதிக்கும் என்று சென்னியப்பன் மனசார நம்பியிருந்தார்.

வேறொன்று கிடையாது என்றேனே, ஒரு காலத்தில் இருந்தது. மணல் சலிப்பவனிடம் இரண்டு காளைக்காசையும் ஒரே நாளில் வாங்கியவர்கள் சென்னியப்பனும் அவருடைய சிநேகிதர் ஜமாலும். ஜமால் பள்ளப்பட்டிக்காரர், அங்கே இரும்புக்கடை. இவர் அவரை மாப்ளே என்பார், அவர் இவரை மாமா என்பார், ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஜமாலுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மறுநாள் சங்கத்தில் காட்டப் போகிறார் என்று கேள்விப்பட்ட புதுப்பெண் மெகருன்னிசா, கணவன் தூங்கின பிறகு அந்தக் காசை எடுத்து, பித்தளைக் குத்துப்போணிப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துத் தங்கம் போலாக்கி மறுபடியும் டப்பியில் வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த அன்பு அது. ஜமால் டப்பியைத் திறந்தது சங்கத்தில், எல்லோர் முன்னாலும். சென்னியப்பன் ஒரு தடவை சாய்த்துப் பார்த்துவிட்டு, கழுவின காசு, தரம் கிடையாது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எந்தப் புண்ணியவதி கை வெச்சது?" என்று கேட்டார், சபை சிரித்தது. ஜமால் எழுந்து போனவர் போனவர்தான். போகிற வழியில் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தித் தன் காசை ஆற்றிலேயே வீசிவிட்டுப் போனதாகச் சேதி வந்தது. ஆகவே சென்னியப்பனுடைய காசு உலகத்திலேயே ஒற்றைக் காசானது, அதற்கு அவர் வெளியே வருத்தப்பட்டார், உள்ளே கொஞ்சம் சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது அந்த ஒற்றைக் காசு பெட்டிக்குள் தேயத் தொடங்கியது. அட்டைச் சட்டத்துக்குள், பிளாஸ்டிக் உறைக்குள், மரப்பெட்டிக்குள், இரும்பு பீரோவுக்குள் யார் கையும் படாமல் இருந்த காசின் திமில், நூறு வருஷம் சந்தையில் புழங்கினது போல மழுங்கிக்கொண்டு வந்தது. சங்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் இதே கதி. அவர்கள் மாடியில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் காசை அடுத்தவருக்கு, அவர் அதற்கடுத்தவருக்கு என்று பந்திப் பரிமாறல் போலச் சுற்றிவிட்டுப் பார்த்தார்கள். சுற்றி முடிந்ததும் காசுகள் இன்னும் மோசமாகியிருந்தன. பிறகுதான் விஷயம் விளங்கியது. திரும்ப வரும் என்று நினைத்துக் கொடுத்த காசு கொடுத்த காசே அல்ல, அது பெட்டியிலிருப்பதாகத்தான் கணக்கு. போனது போனதுதான் என்று விட்ட காசுதான் புதுசாகும்.

சிலர் துணிந்துவிட்டார்கள். காலமெல்லாம் சேர்த்த காசுகளை ஒரு சந்தை நாளில் காய்கறிக்கு வீசிவிட்டு, வெறுங்கையோடும் ரெண்டு பூசணிக்காயோடும் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர், நாற்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன் என்றார். சென்னியப்பனால் முடியவில்லை. வைத்திருந்தால் முகம் போய்விடும், விட்டால் காசே போய்விடும், அவர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஒரு நாள் காளைக்காசைக் கொடுத்துப் பூக்காரியிடம் மல்லிகை வாங்கினார். வாங்கியவர் நகரவில்லை, எதிர்க்கடை நிழலில் நின்று அவளுடைய சுருக்குப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த ஆளுக்கு அவள் மீதி கொடுக்கப் போன சமயம் பாய்ந்து போய் நோட்டை நீட்டி மீட்டுக்கொண்டார். பார்த்தால் காளைக்கு ஒரு கொம்பு இல்லை. அடுத்த வாரம் தங்கை மகனுக்குப் பிறந்த நாள் ஆசீர்வாதமாகக் கொடுத்துவிட்டு, நாலு நாள் கழித்து, சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்தார். அந்தப் பையனே வெறுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டான். அப்போது ராஜாவுக்கு மூக்கு போயிருந்தது. மிச்சமிருந்தது திமிலின் ஒரு வளைவும், காது மாதிரி ஒரு கீற்றும்தான். இன்னும் ஒரு தடவை தப்பினால் வெறும் தகடு.

அவருடைய மனைவி குணவதி அந்தக் காசை வாங்கிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பீரோவைத் தொடவிடாத மனுஷன் தானாகக் கையில் கொடுக்கிறாரே என்று அவளுக்கே பரிதாபமாகிவிட்டது.

"ஏனுங்க, காசைக் குடுக்கறீங்க, கையை மட்டும் நீட்டுனபடியே வெச்சிருக்கறீங்க. அப்பறம் அது எங்கீங்க போகும்?" என்றாள்.

"திருப்பிக் கேக்காம இருக்க என்னால முடியலியே. யாருகிட்டக் குடுத்தாலும் போய்க் கேட்டுருவேன்."

"கேக்க முடியாத ஆளு ஒருத்தருகூடவா உங்குளுக்கு இல்லை?"

அப்படி ஒருத்தர் இருப்பது இரண்டு பேருக்குமே தெரியும். ஊரில் எவனிடமும் வெட்கமில்லாமல் கை நீட்டிவிடுவார், பள்ளப்பட்டி ஜமாலிடம் மட்டும் செத்தாலும் நீட்ட மாட்டார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கல்யாணங்களில் ஒரே பந்தியில் உட்கார்ந்தும் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சென்னியப்பன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, காளைக்காசைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பள்ளப்பட்டி பஸ் ஏறினார். வழி நெடுக நெஞ்சைத் தடவிக்கொண்டே போனதைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர், மாரடைப்பா என்று கேட்டாராம்.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஜமால் கடையைத் திறந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. தாழ்ப்பாள் வாங்க வந்த ஒரு பெண் ஓரமாக நின்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் படியேறி வந்து கால் கிலோ ஆணி கேட்டார், ஏதோ கேட்க வேண்டுமே. ஜமால் எந்த ஆணி என்று கேட்கவில்லை. வந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் பையிலிருந்து காசை எடுத்து மேஜை மேல் வைத்தார். வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆணியை வாங்கக்கூட நிற்காமல் திரும்பிவிடலாம் என்று ஒரு காலைப் படியில் வைத்தார்.

"நில்லுங்க" என்றார் ஜமால். "தரம் பாக்காம நான் காசு வாங்கறதில்லை."

கல்லாவுக்குள் கைவிட்டு ஒரு லென்ஸை எடுத்தார். காசை விட்டெறிந்த மனுஷன் லென்ஸை வைத்திருந்திருக்கிறார். காசை விளிம்பில் பிடித்து, டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், முறை கொஞ்சமும் பிசகவில்லை. சென்னியப்பன் ஊரிலுள்ள காசுக்கெல்லாம் தரம் சொன்னவர், தன் காசுக்கு இன்னொருவர் சொல்லக் காத்து நிற்பது அதுதான் முதல் தடவை. அந்தத் தேய்ந்த தகட்டுக்கு என்ன சொன்னாலும் தகும், சிரித்தாலும் தகும், அதற்குத் தயாராகத்தான் அவர் வந்திருந்தார்.

"கழுவாத காசு" என்றார் ஜமால் கடைசியில்.

கடைக்குப் பின்னால்தான் வீடு, கதவு மறைவில் மெகருன்னிசா நிற்பது தெரிந்தது. சென்னியப்பன் அந்தப் பக்கம் பார்த்துத்தான் பேசினார்.

"தங்கச்சி, அன்னிக்கு நாஞ் சொன்ன தரம் தப்பில்லை. அதை இப்பவும் மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா உன்னையச் சொல்லிச் சபையைச் சிரிக்க வெச்சேன், அது பெரிய தப்பு. இந்தக் காசை வெச்சு அதைக் கழிச்சுக்க வரலை. சொல்லீட்டுப் போகணும்னு இப்பத்தான் தோணுச்சு."

மெகருன்னிசா வெளியே வந்தாள். "தரம் சரிதான்னு எனக்கும் தெரியும்ணே" என்றாள். "புளி போட்டா அது கெட்டுப் போகும்னு எங்க வீட்டுல யாருக்குத் தெரியும்? தெரிஞ்ச நீங்க வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தா, நான் ஒரு டீ போட்டுக் குடுத்துருப்பேன். இத்தனை வருசம் இவரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்துருக்கவும் வேண்டியதில்லை."

ஜமால் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்தார், குனிந்தவர் அப்படியே நின்றார். அவருடைய விரல்களுக்கிடையில் காசு மாறிக்கொண்டிருந்தது. முதலில் திமில் எழும்பியது, பிறகு கொம்புகள், கழுத்தில் மணி, மணிக்குள் நாக்கு. திருப்பினார். காதுக் கீற்றிலிருந்து காது வந்தது, காதில் தோடு வந்தது, மூக்கு வந்தது, வாய் வந்தது, பின்னால் முடிந்திருந்த கொண்டையில் பூச்சரம் வந்தது, பூவில் காம்பு வந்தது. ஆற்றில் கிடந்தபோதும் இல்லாத, அதற்கு முன்னால் சந்தையில் ஓடியபோதும் யாரும் பார்த்திராத துல்லியம். மூன்று பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். ராஜா ராஜா என்று இத்தனை காலம் சொன்னீங்களே, பொம்பளையாக்கும் என்று மெகருன்னிசாதான் முதலில் சொன்னாள். அந்த ராணி ஏதோ வேடிக்கையைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் அழுதார், அதை மறைக்கவும் இல்லை.

"என்ன தரம், மாப்ளே?" என்று கேட்டார்.

"இதுக்கு மேல படி கிடையாது, மாமா" என்றார் ஜமால்.

மெகருன்னிசா டீ போட உள்ளே போனாள். தாழ்ப்பாள் எடுத்த பெண்ணுக்கு இவர்கள் கூத்தெல்லாம் புரியவில்லை, அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நூறு ரூபாய் நோட்டை மேஜையில் வைத்து, மீதியைக் கொடுங்க என்றாள். ஜமால் நோட்டுகளை எண்ணி வைத்தார், ஒரு ரூபாய் குறைந்தது. கல்லாவில் வேறு காசுகள் இருந்திருக்கலாம், அவர் பார்க்கவில்லை. கையிலிருந்த காளைக்காசோடு நிமிர்ந்து சென்னியப்பன் முகத்தைப் பார்த்தார். பூட்டினால் நாளைக்கே தேயத் தொடங்கிவிடும் என்பது இருவருக்கும் தெரியும். சென்னியப்பன் முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார். ஜமால் காசை அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் முந்தானையின் நுனியில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். தெருவில் பாதி தூரம் போயிருப்பாள், சென்னியப்பன் திடீரென்று அவள் பின்னால் ஓடினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். போச்சு, கேட்கப் போகிறார் என்று ஜமால் கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மணி, அதை முடிஞ்சு வெச்சுக்காதீங்க" என்றார் சென்னியப்பன் மூச்சிரைக்க. "எங்கியாச்சும் வெரசாச் செலவு பண்ணிப்போடுங்க."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த ஒத்தை ரூவாய நான் என்ன பேத்திக்கா வெக்கப் போறேன்?" என்று முடிச்சை அவிழ்த்து, வந்து நின்ற அரவக்குறிச்சி பஸ்ஸில் ஏறி, டிக்கெட் காசோடு சேர்த்துக் கண்டக்டரிடம் நீட்டினாள். விசில் கேட்டது, பஸ் நகர்ந்தது. சென்னியப்பன் அது வளைவில் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, டீ ஆறிப்போகுது என்று மெகருன்னிசா கூப்பிட்ட கடையை நோக்கி நடந்தார்.